இடப்பக்க மேசை

அத்தியாயம் 9

ரிம்மா ஸாவிச்னாவுக்கு மூக்கு கொஞ்சம் அதிகம். நீளத்தைச் சொல்லவில்லை, அது செய்யும் வேலையைச் சொல்கிறேன். ரயில்வே போலீஸில் இருந்த காலத்தில், பூட்டிய பெட்டிக்குள் இருப்பது கருவாடா கள்ளச்சாராயமா என்று பூட்டைத் தொடாமலே சொல்லிவிடுவாள். ஓய்வுபெற்றுத் தனியாகத் துப்பறியத் தொடங்கிய பிறகு அந்த மூக்குதான் அவளுக்குச் சோறு போட்டது. ஆனால் இன்று அதை யாரிடமாவது கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ரோஸ்தோவ் நகரம், ஏரிக்கரை மடத்து வாசல், அக்டோபர் மழை. காருக்கு இடப்பக்கம் கட்டணக் கழிப்பறை, வலப்பக்கம் புகைபோட்ட மீன் கடை. எதிரே ஒரு தள்ளுவண்டியில் புனிதர்கள் படமும் கம்பளிக் காலுறையும், ஊற்றுத் தண்ணீர் பிடிக்கக் காலி பிளாஸ்டிக் பாட்டிலும் ஒரே விரிப்பில் கிடந்தன. புனிதர்கள் முகத்திலெல்லாம் மீன்புகை படிந்திருந்தது. காருக்குள் மட்டும் வாழுமா என்றால், அங்கே ஸ்தியோபா உட்கார்ந்து முட்டைக்கோஸ் அடைத்துப் பொரித்த பிரோக் ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"ஒரு வாய் சாப்பிடுங்க ஸாவிச்னா. சுடச்சுட இருக்கு."

"வேணாம். நான் பொறந்த வருஷம் ஊத்தின எண்ணெய் போலிருக்கு."

"அதான் இவ்வளவு ருசி. உங்களை மாதிரியே அனுபவமுள்ள எண்ணெய்."

ஸ்தியோபா முன்னாள் டாக்சி ஓட்டுநர். காரும் அவனுடையது, பசியும் அவனுடையது. வாயைத் திறந்தால் ஒன்று சாப்பாடு உள்ளே போகும், இல்லாவிட்டால் கிண்டல் வெளியே வரும். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதும் உண்டு.

"அதோ, நம்ம மாப்பிள்ளை இறங்கறார்" என்றான் அவன்.

யாத்திரைப் பேருந்திலிருந்து ஈரக்கம்பளி வாடையோடு பெண்கள் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் புரோகோர் ஃபோமிச். சீவிய வெள்ளைத் தாடி, முழங்காலுக்குக் கீழே தொங்கும் கறுப்புக் கோட்டு. வாசல் வளைவைப் பார்த்ததும் இடுப்பு முறியும்படி குனிந்து மூன்று முறை சிலுவை போட்டார். பக்கத்தில் நின்ற பெண்கள் அவரைப் பார்த்துத் தாங்களும் இன்னொரு முறை குனிந்தார்கள். அவர் கையில் பழுப்புத் தோல் பை ஒன்று கனத்துத் தொங்கியது.

அந்தப் பைக்காகத்தான் இந்த இரண்டு பேரும் மழையில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

கதை இவ்வளவுதான். வோல்கா கரையில் கோரெவ்ஸ்க் என்று ஒரு சின்ன ஊர். அங்கே கோயிலில் வெள்ளிக் கவசம் போட்ட பழைய மாதா படம் ஒன்று இருந்தது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை அதைக் காணோம். அதே காலையிலிருந்து மணி அடிக்கும் எட்வார்டையும் காணோம். கோயில் மூப்பரான ஃபோமிச் படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தேன், மாதாவைத் தூக்கிட்டுத் துருக்கிக்கு ஓடிட்டானே" என்று ஊருக்கே கேட்கும்படி அழுதார். போலீசும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டது. எட்வார்டின் மனைவி லீதியாவின் வாசலில் மறுநாளே அழுகின மீன்தலைகள் கிடந்தன. சந்தையில் அவள் பிரோக்கை வாங்க ஆளில்லை. சிலுவையை முத்தமிட வரிசையில் நின்றால் முன்னே ஒருத்தி, பின்னே ஒருத்தி என்று விலகிப்போனார்கள்.

"அவர் திருடியிருந்தாலும் பரவாயில்ல, ரிம்மா ஸாவிச்னா" என்று லீதியா சொல்லியிருந்தாள். "உயிரோட இருக்கார்னு ஒரு வார்த்தை கொண்டு வாங்க. ஜெயிலுக்குச் சோறு எடுத்துட்டுப் போறேன். அது போதும் எனக்கு."

ரிம்மாவுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. சொந்தத் தங்கை கல்யாணத்துக்குக்கூட ஊர் எல்லை தாண்டாத ஃபோமிச், படம் காணாமல் போனதிலிருந்து பேருந்து பேருந்தாக ஏறி மடம் மடமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அதுவும் ஊர்க்காரர் யாரும் வராத மடங்களாகப் பார்த்து. நேற்று உக்லிச், இன்று ரோஸ்தோவ்.

"நீ உள்ள போ" என்றாள் ரிம்மா. "என் மூஞ்சி அவனுக்குத் தெரியும். கோரெவ்ஸ்க்ல ஒரு தடவை கேள்வி கேட்டிருக்கேன்."

"நானா? எங்க வீட்டுல சாமி மூலையில கட்சி மாமேதைகள் படம் மாட்டியிருந்தாங்க. சிலுவை எந்தத் தோள்ல ஆரம்பிக்கணும்னுகூட எனக்குத் தெரியாது."

"வலது தோள். பிரோக்கைக் கீழ வெச்சுட்டுப் போ."

அவன் போனான். ரிம்மா கண்ணாடியை இறக்கினாள், மீன் வாடை வந்தது. ஏற்றினாள், முட்டைக்கோஸ் வாடை வந்தது. கடவுளின் வீட்டு வாசலில் இவ்வளவு அசிங்கத்தை மனிதன் எப்படிச் சேர்த்துவைக்கிறானோ என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்தியோபா தலை நனைந்து திரும்பினான்.

"சொல்லு."

"நேத்து மாதிரியேதான். உள்ள போனான், நேரா இடப்பக்கம் திரும்பினான், ஒரு இருட்டு மூலை. முன்னால ஒரே பெண்கள் கூட்டம், ஒண்ணும் தெரியல. அப்புறம் எல்லாரும் மாதா படத்துக்கு முத்தம் குடுக்க வரிசையில நின்னாங்க. கண்ணாடி மேல ஒரு விரல் கனத்துக்கு உதட்டுச் சாயம், எச்சில். நானும் மாட்டிக்கிட்டேன் ஸாவிச்னா. குடுத்துட்டேன்."

"சீ!"

"என் மாமியாருக்குக் குடுத்ததைவிடப் பரவாயில்ல."

"பை என்ன ஆச்சு?"

"அதான் விஷயம். போகும்போது தோள் சாயற கனம். வரும்போது காத்தாடி மாதிரி ஆட்டிக்கிட்டு வர்றான்."

ரிம்மா விரலை மடக்கினாள். "உக்லிச்லயும் இப்படித்தான். கனமா உள்ள போச்சு, காலியா வெளிய வந்துது. ஆனா காலையில பேருந்து ஏறும்போது மறுபடியும் கனம்."

"ராத்திரி ராத்திரி பை குட்டி போடுதோ?"

"ராத்திரி என்ன பண்ணினான்?"

"யாத்ரீகர் விடுதில விசாரிச்சேன். சமையல்கட்டுல நின்னு ஏதோ கஞ்சி கிண்டினானாம். தூங்கிட்டானாம்."

"நோன்புக்காரன், கஞ்சி குடிக்கிறான். அதை விடு."

அதை விட்டிருக்கக் கூடாது. ஆனால் அந்த நேரத்தில் ரிம்மாவின் புத்தி முழுக்க வெள்ளிக் கவசத்தில் இருந்தது.

மறுநாள் காலை, மறுபடியும் கனத்த பையோடு ஃபோமிச் ஏற, பேருந்து புறப்பட்டது. இவர்களும் பின்னால் புறப்பட்டார்கள். சேற்று வயல், சாய்ந்த மரவீடு, தூரத்தில் வெங்காயக் கோபுரம், மறுபடியும் சேறு. நெடுஞ்சாலைத் தேநீர்க் கடையில் பேருந்து நின்றபோது ரிம்மா தலைத்துணியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினாள். ஃபோமிச் பையை பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, சூழ நின்ற பெண்களுக்குத் திருடர்கள் கதியைப் பற்றி உபதேசம் செய்துகொண்டிருந்தார். "எங்க ஊர்ல ஒருத்தன், மகளே, மாதாவையே வித்துட்டான். அவன் பெண்டாட்டி இன்னும் தலை நிமிர்ந்து கோயிலுக்கு வர்றா. வெட்கம் எங்க போச்சு பாரு" என்றது அவர் குரல். வாயிலிருந்து தேனாக வழிந்தது அந்தப் பேச்சு. ரிம்மா பெஞ்சுக்குப் பின்னால் மெதுவாகக் கடந்து மூக்கை வேலை செய்யவிட்டாள்.

காருக்குத் திரும்பியதும் சொன்னாள். "தேன்."

"எங்க? எங்க?"

"பையில தேன் வாசனை. தேன்மெழுகு. பழைய படங்களை மெழுகுத்துணியில சுத்தித்தான் எடுத்துட்டுப் போவாங்க. படத்தை எங்கேயோ மறைச்சுட்டு, கவசத்தை மட்டும் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு மடத்துலயும் ஒரு ஆள்கிட்டத் தள்ளறான்."

"அப்ப மணிக்காரன் எட்வார்ட்?"

"கூட்டாளியா இருக்கலாம். எங்கேயாவது உட்கார்ந்து பங்கை எதிர்பார்த்துட்டு இருக்கலாம்." அவளுக்கே அது இனித்தது. அப்படியானால் லீதியாவுக்குக் கொண்டுபோக ஒரு உயிருள்ள திருடனாவது கிடைப்பான்.

ஸபோலியே மடம் சின்னது. வோல்கா வளைவில் ஒரு வெள்ளை மதில், ஒரே கோயில். அன்று ஏதோ விசேஷம், படிகளில் பிச்சைக்காரர்கள் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஓர் இடம் காலியாக இருப்பதை ரிம்மா பார்த்தாள். பிறகு ஸ்தியோபாவைப் பார்த்தாள்.

"மாட்டேன்" என்றான் அவன்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"உங்க கண்ணு சொல்லுச்சு. எனக்கும் மானம் மரியாதை இருக்கு."

"அந்தக் கோட்டைப் போட்டுட்டு எங்க உட்கார்ந்தாலும் உன்னைப் பிச்சைக்காரன்னுதான் நினைப்பாங்க. படியில உட்கார்ந்தா காசாவது கிடைக்கும். பையில இருந்து என்ன எடுக்கறான், யார் கையில குடுக்கறான், அதைப் பாரு."

அவன் முனகிக்கொண்டே போய்த் தொப்பியைக் கவிழ்த்து வைத்து உட்கார்ந்தான். பக்கத்திலிருந்த ஒற்றைக்கண்காரன் அவன் இடுப்பில் முழங்கையால் இடிப்பது காரிலிருந்தே தெரிந்தது. ஃபோமிச் உள்ளே போனார். சற்று நேரத்தில் வெளியே வந்து, பையைத் திறந்து, படியில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்தார். ஒவ்வொருவர் கையிலும் எதையோ வைத்தார். ஸ்தியோபாவின் கையிலும் வைத்தார். ஸ்தியோபா அதை உற்றுப் பார்த்தான். பிறகு வாயில் போட்டுக்கொண்டான்.

"படுபாவி" என்றாள் ரிம்மா. "சாட்சியத்தைத் தின்னுட்டானே!"

ஃபோமிச் மறுபடியும் உள்ளே போனதும் ஸ்தியோபா காருக்கு ஓடிவந்தான். வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"வெள்ளியும் இல்ல, வெங்காயமும் இல்ல ஸாவிச்னா. கூத்யா! அவிச்ச கோதுமை, தேன், உலர்ந்த திராட்சை. என் மாமியார் செத்த நாற்பதாம் நாளுக்குக்கூட இவ்வளவு நல்லா பண்ணல. அவங்களே பண்ணியிருந்தா நல்லா வந்திருக்கும்."

ரிம்மா வாயைத் திறந்தவள் மூடவில்லை. தேன் வாசனை, ராத்திரிக் கஞ்சி, காலையில் நிறைந்து மத்தியானம் காலியாகும் பை. எல்லாம் வரிசையாக வந்து அவள் முன்னால் நின்றன. கூத்யா செத்தவர்களுக்காகச் செய்வது. அக்டோபரில் வேறு எதற்கும் யாரும் செய்வதில்லை.

"இடப்பக்க மூலைன்னியே" என்றாள். "அங்க நீட்டமா ஒரு மேசை இருந்துச்சா? நடுவுல சின்னச் சிலுவை?"

"ஆமா. மேல மெழுகுவத்தி, பக்கத்துல ரொட்டி, மிட்டாய்னு ஏதேதோ."

"மக்கு! அது செத்தவங்க மேசைடா! உயிரோட இருக்கறவங்களுக்குப் படங்களுக்கு முன்னால ஏத்துவாங்க. செத்தவங்களுக்கு மட்டும்தான் அங்க."

"எங்க வீட்டுல மாமேதைகளுக்கு மேசை எல்லாம் கிடையாதுன்னு சொன்னேனே."

"குடுக்கும்போது என்ன சொன்னான்? யாருக்காகன்னு?"

"'ஆண்டவரின் அடிமை யெலிசேய்க்காக வேண்டிக்கோ, அவனுக்கு விண்ணரசு கிடைக்கட்டும்'னான். அவ்வளவுதான். யெலிசேயாம். தாத்தாவோ மாமாவோ. நாம ஒரு பக்தனைத் துரத்திக்கிட்டு மூணு ஊர் பெட்ரோல் எரிச்சிருக்கோம். எட்வார்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

ரிம்மா கைப்பேசியை எடுத்து லீதியாவைக் கூப்பிட்டாள்.

"லீதா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எட்வார்ட்னு நம்ம பஞ்சாங்கத்துல ஒரு புனிதர் கிடையாதே. அவருக்கு ஞானஸ்நானம் குடுத்தப்போ என்ன பேரு வெச்சாங்க?"

"அதா?" லீதியா சிரித்தாள். அவள் சிரித்து ரிம்மா கேட்டதே இல்லை. "மணி அடிக்க வந்தப்புறம்தான் அவர் ஞானஸ்நானமே வாங்கினார், முப்பது வயசுல. அப்பா ரயில் என்ஜின் ஓட்டினவர், வெளிநாட்டுப் பேரா வெச்சுட்டார். சாமியார் யெலிசேய்னு வெச்சார். கோயில்ல நன்மை அப்பம் வாங்கறப்ப மட்டும்தான் அந்தப் பேரு. கேட்டா இவருக்கு வெட்கமா இருக்கும்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"சாமியாருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அப்புறம் ஞானத்தகப்பனா நின்னவருக்கு. நம்ம ஃபோமிச்தான் நின்னார். ஏன் கேக்கறீங்க? கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"சும்மாதான் கேட்டேன். சாயங்காலம் பேசறேன்."

ஸ்தியோபாவின் தாடை நின்றுபோயிருந்தது. துருக்கியில் உயிரோடு இருப்பதாக ஊரெல்லாம் அழுதவர், அதே ஆளுக்காகத் தேன்விட்டுக் கோதுமை கிண்டிக்கொண்டு திரிகிறார். செத்த நாற்பது நாளுக்குள் ஆத்மாவுக்கு மேலே தீர்ப்பாகிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்குள் எத்தனை வாய் வேண்ட முடியுமோ அத்தனை வாயை நிரப்ப ஓடிக்கொண்டிருக்கிறார்.

ஸ்தியோபா கார்க் கதவைத் திறந்து, வெளியே தலையை நீட்டி, மழையில் மூன்று முறை துப்பினான்.

"மாவட்டப் போலீசுக்குப் போன் போடு" என்றாள் ரிம்மா. "போட்டுட்டு வாசல்ல நில்லு."

உள்ளே சாம்பிராணியும் ஈரக்கம்பளியும் எரிந்த மெழுகும் கலந்து மூச்சை அடைத்தன. மெழுகுவர்த்தி விற்கும் பெண்ணிடம் ரிம்மா இரண்டு வாங்கினாள். ஃபோமிச் இடப்பக்க மேசையருகே முழங்காலில் இருந்தார். அவள் காத்திருந்தாள். எழுந்து திரும்பியவர் அவள் முகத்தைப் பார்த்ததும் ஒரு நொடி திகைத்து, உடனே தேன் குரலை எடுத்து விட்டார்.

"அட, சகோதரி! நீங்களுமா யாத்திரை?"

"ஆமா ஃபோமிச். எட்வார்டுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தலாம்னு. பாவம், திருடனா இருந்தாலும் மனுஷன்தானே. துருக்கியில உடம்புக்கு எப்படி இருக்கோ." அவள் வலப்பக்கம், நோய் தீர்க்கும் புனிதர் படத்துக்கு முன்னால், உயிரோடு இருப்பவர்களுக்கான தட்டில் தன் மெழுகுவர்த்தியைக் குத்தினாள். இன்னொன்றைப் பற்றவைத்து அவரிடம் நீட்டினாள். "நீங்களும் ஒண்ணு. உங்க ஞானப்பிள்ளையாச்சே. சுகமா இருக்கணும்னு வையுங்க."

ஃபோமிச் வாங்கிக்கொண்டார். ஊரை ஏமாற்றின மனிதருக்கு ஒரு தட்டில் ஒரு மெழுகுவர்த்தியைக் குத்துவது என்ன பெரிய காரியம்? கையை நீட்டினார். கை பாதி வழியில் நின்றது. மெழுகு உருகி அவர் விரலில் வழிந்தது. தாடிக்குள்ளே உதடு ஏதோ முணுமுணுத்தது.

"வையுங்க ஃபோமிச்" என்றாள் ரிம்மா சத்தமாக. மெழுகுவர்த்திக்காரப் பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "ஆண்டவரின் அடிமை யெலிசேயின் உடல்நலத்துக்குன்னு சொல்லி வையுங்க."

"அது ஆகாது" என்றார் அவர். குரலில் தேன் இல்லை. "ஆண்டவர் முன்னால பொய் சொல்லக் கூடாது. ஆத்மா தவிக்கும்."

"எங்க இருக்கார் அவர்?"

அவர் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மணிக்கூண்டுக்கு அடியில. சுண்ணாம்புக் குழியில. நான் வேணும்னு பண்ணல. படத்தை இறக்கறப்ப மேல இருந்து வந்துட்டான். கையைப் பிடிச்சான். தள்ளினேன், படியில உருண்டுட்டான். விழுந்தப்புறமும் கத்தினான். அதான்…"

"அதான்?"

"கத்தாம இருக்கணும்ல."

"படம்?" என்றாள் ரிம்மா.

"வீட்டுல. சாமி மூலையில, திரைக்குப் பின்னால. விக்கறதுக்குத்தான் எடுத்தேன். அப்புறம் விக்க மனசு வரல. தினமும் அதுக்கு முன்னாலதான் அழுது வேண்டறேன்."

"திருடின மாதாகிட்டயேவா?"

"வேற யார்கிட்ட வேண்ட?" அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "அது அற்புதம் பண்ற படமாச்சே." பிறகு முகம் சுருங்கியது. மனவருத்தம்! பழி சுமத்தப்பட்ட நல்லவனின் மனவருத்தம். "நீங்க என்னை இப்படிப் பாக்கக் கூடாது, சகோதரி. அவன் ஆத்மாவுக்கு ஒரு குறையும் வைக்கல நான். எத்தனை மடம் ஏறி இறங்கினேன்! எத்தனை ஏழைக்கு என் கையால ஊட்டினேன்! இந்த உலகத்துல அவனுக்காக நிக்கறது நான் ஒருத்தன்தான்."

ரிம்மா பிணங்களைப் பார்த்தவள். தண்டவாளத்திலிருந்து துண்டு துண்டாகப் பொறுக்கியவள். அதெல்லாம் இவ்வளவு நாறவில்லை. அவர் விரலிலிருந்து மெழுகுவர்த்தியைப் பிடுங்கி ஊதி அணைத்தாள். அவர் தொட்ட இடம் தன் கையில் பட்டுவிட்டதே என்று கையைப் பாவாடையில் தேய்த்தாள், மறுபடியும் தேய்த்தாள்.

போலீஸ் வந்து அழைத்துப்போகும்போது ஃபோமிச் வாசல் வளைவில் நின்றார். திரும்பி, இடுப்பு முறியக் குனிந்து மூன்று முறை சிலுவை போட்டார். போலீஸ்காரனும் பழக்கத்தில் கூடவே போட்டான்.

மறுநாள் காலை கோரெவ்ஸ்க். லீதியா சமையல்கட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ரிம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது.

"இருக்காரா?"

"இல்ல, லீதா."

அவள் விரல் விரலாக மாவை உருவி எடுத்தாள். கை சுத்தமான பிறகும் உருவிக்கொண்டே இருந்தாள். "ஓடலேல்ல?"

"ஓடல. திருடல. திருடினவன் கையைப் பிடிச்சிருக்கார். அதுக்குத்தான் கொன்னுட்டான்."

எல்லாவற்றையும் சொல்லச் சொல்லி லீதியா கேட்டாள். ரிம்மா சொன்னாள். கூத்யாவையும் இடப்பக்க மேசையையும் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தாள். பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

லீதியா அழவில்லை. "நான் தினமும் வலப்பக்கம் ஏத்தினேன்" என்றாள். "உடம்பு நல்லா இருக்கணும், குளிர் தாங்கணும்னு. செத்துக் கிடந்தவருக்கு. அப்போ அவருக்குச் சேரவேண்டியதைச் சேர்த்தது அவன்தானா? அவன் ஒருத்தன்தானா?"

ஸ்தியோபா கதவருகே தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

"கோயிலுக்குப் போகணும்" என்றாள் லீதியா.

ஊருக்குள் செய்தி முந்திக்கொண்டு ஓடியிருந்தது. மணிக்கூண்டைச் சுற்றிப் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. நேற்று வரை விலகிப்போன பெண்கள் இன்று லீதியாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "எங்களுக்கு அப்பவே தெரியும்டி, எட்வார்ட் தங்கம்னு" என்றாள் ஒருத்தி. மீன்தலை வீசின கையாகவும் இருக்கலாம் அது, இப்போது லீதியாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது. லீதியா அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

மெழுகுவர்த்தி விற்கும் கிளாஃபீரா, இத்தனை நாளும் சில்லறையைக் கையில் படாமல் மேசையில் வீசியவள், "காசு வேணாம் கண்ணு" என்றாள். லீதியா காசை வைத்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள். வழக்கம்போல வலப்பக்கம் இரண்டடி வைத்தவள், நின்று, இடப்பக்கம் திரும்பினாள்.

செத்தவர்கள் மேசையில் காலை நேரத்தில் ஒரே ஒரு மெழுகுவர்த்திதான் எரிந்துகொண்டிருந்தது. தடித்த, உயரமான, விலையுயர்ந்த ஒன்று. லீதியா தன்னுடையதை அதன் சுடரில் பற்றவைக்கக் குனிந்தாள். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், பக்கத்துச் சுடரில்.

"அது ஃபோமிச் ஏத்தச் சொன்னது" என்று கிளாஃபீரா பின்னாலிருந்து சொன்னாள். யோசிக்காமல் சொல்லிவிட்டாள். "யாருக்குன்னு சொல்லல. நாற்பது நாளும் அணையக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனார். நான்தான் மாத்தி மாத்தி…" அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லீதியாவின் கை அந்தச் சுடருக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. இத்தனை நாளும் நாலடி தள்ளி அவள் வலப்பக்கம் நின்று வேண்டியபோதெல்லாம் இது இங்கே எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அவள் மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டாள். நிமிர்ந்து ஸ்தியோபாவைப் பார்த்தாள்.

"உங்ககிட்ட தீப்பெட்டி இருக்கா?"

ஸ்தியோபா கோட்டுப் பைகளை ஒவ்வொன்றாகத் தடவினான். சிகரெட் பற்றவைக்கும் மலிவு லைட்டர் ஒன்றை எடுத்து, அவளுக்காகப் பற்றவைத்துப் பிடித்தான்.